ஒருகொடவத்தைச் செவ்வாய்க் கிரகம்

என் தம்பி தேனுஜன் செவ்வாய்க் கிரகத்துக்குப் போனது த்ரீவீலில். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஃப்ளாட் வாசலில் ஏறினான், இருபது நிமிடத்தில் ஒருகொடவத்தையில் இறங்கினான். அங்கே கொன்டெய்னர் அடுக்கும் யார்டு ஒன்றுக்குப் பின்னால் பழைய ஸ்டோர் ஒன்று. அதற்குள் ஆறு கொன்டெய்னர்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஜன்னல் ஒன்றும் வைக்காமல், நாலு கட்டிலும் ஒரு குசினியும் போட்டு, ஒரு வெளிநாட்டுக் கம்பனி அதற்குச் செவ்வாய் என்று பெயர் வைத்திருந்தது. நாலு பேர் நூற்றிருபது நாள் உள்ளே இருக்க வேண்டும். போன் இல்லை, வெயில் இல்லை, வெளி மனிசர் முகம் இல்லை. ஆட்களை அவ்வளவு தூரம் அனுப்பினால் பைத்தியம் பிடிக்குமா, பிடித்தால் எத்தனையாம் நாள் பிடிக்கும் என்று பார்க்கிற ஆராய்ச்சி.

கதவுக்குப் பூட்டு இல்லை. கைப்பிடி உள்பக்கம் இருந்தது. யாரும் எந்த நேரமும் திறந்துகொண்டு வரலாம். ஆனால் வந்தால் முடிந்தது, திரும்பப் போக முடியாது. கடைசிவரை நின்றவர்களில் ஒருவரை வெளிநாட்டுப் பாலைவனம் ஒன்றில் ஒரு வருடம் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு உண்மையாகவே மேலே போகிறவர்களின் பட்டியலில் பெயர் வரலாம் என்று தேனுஜன் சொன்னான். வயது முப்பது. பாதியில் விட்ட பட்டப்படிப்பு, போன் திருத்தும் கடை, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்று தொட்டதெல்லாம் அரைகுறை. ஆனால் சந்திரனில் கால் வைத்த பன்னிரண்டு பேரின் பெயரும் அவனுக்குப் பாடம். எங்கள் பெரியப்பாமாரின் பெயர் பாடமில்லை.

முதன்முதலில் பூமியைச் சுற்றிய நாயைப் பற்றி அடிக்கடி சொல்வான். மொஸ்கோத் தெருவில் பிடித்த நாயாம். வீட்டு நாயைவிடத் தெருநாய் பசியும் குளிரும் தாங்கும் என்று தேடிப் பிடித்தார்களாம். திருப்பிக் கொண்டுவர வழி இல்லை என்று தெரிந்துதான் அனுப்பினார்களாம்.

"அப்ப உங்கட கம்பனி ஏன் ஒருகொடவத்தைக்கு ஆள் பிடிக்க வந்தது எண்டு இப்ப விளங்குது" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. என் பகிடிகள் அவனுக்கு எப்போதும் பிடிக்காது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மயூரி, வயது நாற்பத்து மூன்று. புதுக்கடையில் ஒரு நொத்தாரிசிடம் டைப் செய்கிறேன். சத்தியக் கடதாசி, உறுதி, மரணசாசனம் எல்லாம் என் கையால்தான் போகும். 'நான் சுயபுத்தியோடும் எவருடைய வற்புறுத்தலுமின்றியும்' என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேருடைய வாயால் எழுதுகிறவள். என் கணவர் சாரங்கனுக்கு வெள்ளவத்தையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அப்பா எங்களோடுதான் இருந்தார். யோகநாதன் என்றால் துறைமுகத்தில் பழைய ஆட்களுக்குத் தெரியும், முப்பத்தைந்து வருடம் கிளாக்காக இருந்தவர். அம்மா போய்ப் பன்னிரண்டு வருடம்.

அப்பாவுக்குப் பிள்ளைகளோடு கதைக்கிற பழக்கம் இல்லை. என்னை 'இஞ்சை' என்பார். தம்பியை அதுவும் சொல்வதில்லை. அவன் வீட்டுக்குள் வந்தால் பேப்பரை உயர்த்திப் பிடிப்பார். கடைசிப் பத்து வருடத்தில் அவர் அவனோடு கதைத்ததை ஒரு பஸ் டிக்கட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அவன் செவ்வாய்க்குப் போகிற அன்று மட்டும், பேப்பருக்குப் பின்னால் இருந்து, "இந்த வயதிலை என்னை விட்டிட்டுப் போறான்" என்றார். அவனுக்கல்ல, எனக்குச் சொன்னார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே படியில் இறங்கிவிட்டான்.

விட்டுவிட்டுத்தான் போனான். என்னிடம்.

கம்பனியில் பர்ஹா என்று ஒரு பிள்ளை, மருதானைப் பக்கம். வாரத்துக்கு ஒருமுறை போன் எடுத்து வீட்டு நிலவரம் கேட்பாள். வாரத்துக்கு ஒரு கடிதம் நாங்கள் கொம்பியூட்டரில் அனுப்பலாம், அவனும் அனுப்பலாம். செவ்வாயில் இருந்து செய்தி வர எடுக்கிற நேரம் என்று, அது போய்ச் சேர இருபது நிமிடம் பிந்தும்படி மெசினில் செய்திருந்தார்கள். நான் அச்சடித்து த்ரீவீலில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதே இருபது நிமிடம்தான் என்று சாரங்கன் சொல்லிச் சிரித்தார்.

முப்பத்தெட்டாம் நாள் அப்பா பாத்ரூமில் விழுந்தார். பாரிசவாதம். ஒரு பக்கம் முழுவதும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். அப்படி அனுப்பினால் என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியும்.

நான் லீவு போட்டேன். மலம் எடுத்தேன், மூத்திரம் எடுத்தேன், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட்டேன், கஞ்சியைக் கரண்டியால் பருக்கினேன். அவருக்கு நாக்குப் புரளவில்லை. எல்லாச் சொல்லும் குழைந்து போயிற்று, ஒன்றைத் தவிர.

"தேனு" என்றார்.

முதல் நாள் எனக்கு அழுகை வந்தது. ஆயுள் முழுவதும் கூப்பிடாத பேர், சாகிற நேரத்தில் வருகிறதே என்று. இரண்டாம் நாள் வரவில்லை. நான் கரண்டியை வாயடிக்குக் கொண்டுபோவேன், அவர் என் முகத்தைப் பார்ப்பார், "தேனு எங்கை" என்பார். துடைத்துவிட்டு நிமிர்ந்தால் "தேனு". விளக்கை அணைத்தால் "தேனு". பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தால், பித்து ஒன்றின்மேல் மட்டும்தான் பிடிக்கும் என்பதை அந்தப் பழமொழி சொன்னவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

"கம்பனிக்குப் போனிலை ஒரு கோல் எடுமன்" என்றார் சாரங்கன். "அரை மணித்தியாலத்திலை வந்திடுவான்."

"வந்தா அவன்ர நாலு மாசமும் வீண். வாழ்க்கையிலை ஒண்டையாவது முடிக்கட்டும்."

"மனிசன் கேட்டுக்கொண்டே கிடக்குது, மயூரி."

"எனக்கும் காது கேக்குது."

நான் சொன்ன காரணம் நல்ல காரணம். எங்கள் ஆட்கள் யாரும் அதில் பிழை காண மாட்டார்கள். சோதனை எழுதுகிற பிள்ளைக்கு, பிள்ளைத்தாச்சிக்கு, விசா இன்டர்வியூவுக்குப் போகிறவனுக்கு நாங்கள் இழவு சொல்வதில்லை. அம்மா செத்தபோது தேனுஜனுக்கு ஏ.எல். சோதனையில் இரண்டு பாடம் மிச்சம். அம்மா ஐ.சி.யூ.வில் என்று சொல்லி, அவனை வெள்ளவத்தையில் மாமி வீட்டில் வைத்து, இரண்டு பாடமும் எழுதுவித்து, பிறகுதான் அம்மாவின் உடல் வைத்திருந்த மலர்ச்சாலைக்குக் கூட்டிவந்தோம். இரண்டிலும் ஏ எடுத்தான். இரண்டு வருடம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ரஷ்யாக்காரர் ஒருவர் மூன்று மாதம் மேலே இருந்தபோது அவருடைய தகப்பன் செத்துப் போனதையும், கீழே இறங்கும்வரை அவருக்கு மட்டும் அதை மறைத்ததையும் பின்னொரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "பாத்தியே, அவ்வளவு பெரிய நாடும் எங்களை மாதிரித்தான் செய்திருக்கு" என்றேன்.

அதெல்லாம் காரணம். உண்மை வேறு. உண்மை என்னவென்றால், அவன் வந்து கட்டிலடியில் நின்றதும் அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதை நான் பார்க்க வேண்டிவரும். கழுவித் துடைத்த கை என்னுடையது. அந்த வெளிச்சத்தை அவன் வந்து ஒரு நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போவதற்கு என்னால் இடம் கொடுக்க முடியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டாம் நாள் பர்ஹா போன் எடுத்தாள். அறைக்குள் இருந்து கேட்ட சத்தத்தை மறைக்க முடியவில்லை. சொன்னேன்.

"அல்லாஹ். வாப்பா தம்பியத்தான் தேடுறாரா, ராத்தா?"

"ஓயாமல் அவன்ர பேர்தான். ஆனா அவனுக்குச் சொல்ல வேண்டாம், பிள்ளை. குடும்பமா முடிவெடுத்திட்டம்."

"நாங்க ஃபோர்ம்ல ஈக்கிற மாதிரித்தான் செய்ற, ராத்தா. அவர் போக முந்தி நிரப்பித் தந்த ஃபோர்ம்."

"ஓம், அது சரி" என்றேன். ஃபோர்மில் என்ன இருக்கும்? குடும்பத்தின் விருப்பப்படி என்றுதான் இருக்கும். எங்கள் வீட்டில் எந்த ஃபோர்மையும் அப்படித்தான் நிரப்புவோம். அவனுடைய பாடசாலை அனுமதியில் இருந்து பாஸ்போட்வரை எல்லாம் நிரப்பியவள் நான்தானே. இது ஒன்றைத்தான் அவன் தானாக நிரப்பினான். அதை நான் யோசிக்கவில்லை.

நாற்பத்தேழாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு அப்பா செத்தார். நான் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் கடைவாயால் வழிய, "தேனு" என்றார். அதுதான் கடைசி.

மலர்ச்சாலையில் சனம் வந்தது. "தம்பி எங்கை?" என்று கேட்டார்கள். "வெளியிலை" என்றேன். வெளிநாடு என்று எடுத்துக்கொண்டு யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. நாற்பது வருடமாக எங்கள் செத்தவீடுகளில் மகன்மார் இல்லாதது ஒரு புதினமே இல்லை. ஒரு சித்தப்பா போனை ஸ்டாண்டில் பூட்டிப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்தார், தம்பி வீடியோவில் பார்ப்பான் என்று. "அங்கை சிக்னல் இல்லை" என்றேன். கனத்தைச் சுடலையில் மருமகன் என்ற முறையில் சாரங்கன் கொள்ளி வைத்தார். பர்ஹாவுக்கும் போனில் சொன்னேன், தம்பிக்குச் சொல்ல வேண்டாம் என்று மறுபடியும் சொன்னேன். அவள் "இன்னாலில்லாஹி" என்று முணுமுணுத்துவிட்டு போனை வைத்தாள்.

செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். செத்தவரின் படத்தோடு சின்னப் புத்தகம். ஆளாளுக்குப் புலம்பல் பாட்டு எழுதி வந்தவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். வெள்ளவத்தையில் இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அதை எழுதித் தருவார். போனில் விபரம் கேட்டார்.

"மகன் எந்த நாடு, பிள்ளை?"

"தூரம், சேர்."

"கனடாவோ?"

"அதைவிடத் தூரம்."

"அப்ப கடல் கடந்து எண்டு போடுறன். எல்லாத்துக்கும் பொருந்தும்."

மகன் புலம்பல் என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தார். 'கடல் கடந்து நானிருக்கக் கண்மூடிப் போனீரோ, உடல் மூடும் வேளையிலும் ஒருமுறைநான் காணேனே.' வந்தவர்கள் அதைத்தான் வாசித்து அழுதார்கள். மகள் புலம்பல் பின்பக்கத்தில் இருந்தது, அதை யாரும் புரட்டவில்லை. ஒருகொடவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் கடல் எதுவும் இல்லை. நாறுகிற வாய்க்கால் ஒன்று இருக்கிறது.

கடிதம் எழுதாமல் விட்டால் அவனுக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். அப்பா செத்த முதல் வாரம் என் பெயரில் எழுதினேன். அவன் பதிலில் 'அப்பாவை ஒரு கடிதம் போடச் சொல்லு' என்று கேட்டிருந்தான். அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் கேட்டதில்லை. நான் யோசிக்காமல் உட்கார்ந்து அப்பாவாக எழுதினேன். அது எனக்குச் சிரமமில்லை, தொழில்தானே. 'அன்பு மகன் தேனுஜனுக்கு' என்று தொடங்கி, பேப்பரில் வந்த ராக்கெட் செய்தி ஒன்று, சீனி வருத்தம், மழை. முடிவில் ஒரு வரி: 'மயூரி என்னை நன்றாகப் பார்க்கிறாள்.'

பிறகு அடுத்த வாரம் இரண்டு வரி எழுதினேன். 'மயூரியைப் போல ஒரு பிள்ளை கிடைக்க நான் புண்ணியம் செய்திருக்க வேண்டும்.' அதற்கடுத்த வாரம் 'பூப்போலப் பார்க்கிறாள்.' இப்படிப் பத்துக் கடிதம். வேலைக்குப் போய், மற்றவர்களின் மரணசாசனங்களை டைப் செய்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவாக இருந்து என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதி முடித்துவிட்டு அந்த வரிகளை மட்டும் திரும்ப வாசிப்பேன். அவனும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பணிவாகப் பதில் போட்டான். 'அக்காவைப் பற்றி இன்னும் எழுதுங்கோ, அப்பா' என்று கேட்டான்.

நூற்றிருபதாம் நாள் காலையில் கதவு திறந்தது. நாலு பேரும் கண் கூச வெளியே வந்தார்கள். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். தேனுஜன் மெலிந்து, கழுவிய சட்டை மாதிரி வெளிறிப் போயிருந்தான். பர்ஹா என் கையைப் பிடித்தாள். "நாலு பேர்லயும் உங்கட தம்பிதான் முதலாவது" என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அவனை வீட்டில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மெதுவாகச் சொல்வது என்று த்ரீவீலில் வரும்போது சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். அவன் சப்பாத்தைக் கழற்றினான். நேராக முன்னறைக்குப் போனான். அங்கே அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதைவிட நல்ல படம் ஒண்டு இருந்ததே" என்றான்.

நான் அடுக்கிக்கொண்டு வந்த சொற்களுக்கு வேலை இல்லை.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ஆஸ்பத்திரியாலை கொண்டுவந்து ரெண்டாம் நாள். பர்ஹா எழுதிவிட்டவ. பிறகு செத்த அண்டைக்கும்."

"நான் சொல்ல வேண்டாம் எண்டனான்."

"உடனை சொல்லவேணும் எண்டு நான் எழுதிக் குடுத்திட்டுப் போனனான். அம்மான்ர விசயத்தை உங்களிட்ட விட்டது காணும்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தோம். சாரங்கன் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். மீன் குழம்பு, கத்தரிக்காய். தேனுஜன் ஆசையாகப் பிசைந்து சாப்பிட்டான். எனக்கு இறங்கவில்லை.

"கதவுக்குப் பூட்டில்லை" என்றேன். "நாலு நாள் அந்த மனிசன் உயிரோடை கிடந்து உன்னைக் கூப்பிட்டது. ஏன் வரேல்லை?"

"கதவடிக்குப் போனனான், அக்கா. கைப்பிடியிலை கையும் வச்சனான்." சோற்றைப் பார்த்துக்கொண்டு கதைத்தான். "ஓயாமல் உங்கட பேரைத்தான் சொல்லுறார் எண்டு அவ எழுதியிருந்தா. என்ர வாழ்க்கையிலை அப்பா என்னைக் கூப்பிட்டதில்லை. அதைத் திரும்பத் திரும்ப வாசிச்சன். பிறகு போகவேணும் போலை இருக்கேல்லை. கூப்பிட்டவர். எனக்கு அது காணும், அதுக்கு மேலை ஒண்டும் வேண்டாம். மிச்ச நாள் முழுக்க அதை வச்சுத்தான் இருந்தனான். மற்ற ஆக்களுக்கு விசர் பிடிக்கப் பாத்தது, எனக்கு ஒண்டும் செய்யேல்லை. தகப்பன் செத்தும் அசையாத ஆள் எண்டு கம்பனிக்காரரே எழுதியிருக்கினம். பாலைவனத்துக்கு என்னைத்தான் எடுத்திருக்கினம்."

மனிதரை அவ்வளவு தூரம் அனுப்புவதற்கு எப்படிப்பட்ட ஆளைத் தேடுகிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கியது. தகப்பன் கூப்பிடக் கூப்பிடக் கைப்பிடியில் இருந்து கையை எடுக்கிறவனை. அதோடு இன்னொன்றும் விளங்கியது. அப்படிப்பட்ட ஆள் எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

"அப்ப கடிதங்கள்?" என்றேன்.

அவன் சிரித்தான். நாலு மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். "பூப்போலப் பாக்கிறாள். அக்கா, அப்பா எந்தக் காலத்திலை உன்னைப் பற்றி ஒரு நல்ல சொல்லுச் சொன்னவர்? ஒவ்வொரு ஞாயிறும் மற்ற மூண்டு பேருக்கும் வாசிச்சுக் காட்டுவன். உள்ளுக்கை எங்களுக்கு இருந்த ஒரே பகிடி அதுதான். செத்த மனிசன் மகளுக்கு நற்சான்றிதழ் எழுதுறார் எண்டு சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பம்."

சாரங்கன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. நான் அழவில்லை. கையில் இருந்த சோற்றை உருட்டி, சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தேன்.

"அப்பா உன்னைக் கூப்பிடேல்லை" என்றேன்.

அவன் நிமிர்ந்தான்.

"பர்ஹாவுக்கு நான்தான் அப்பிடிச் சொன்னனான். வேறை என்னெண்டு சொல்லுறது? பெத்த மகனைத் தேடவே இல்லை எண்டு ஒரு வெளி ஆளிட்டை எப்பிடிச் சொல்லுறது? வெக்கமா இருந்தது."

"பொய்."

"அவர் ஆயுளிலை எப்பவாவது உன்னைக் கூப்பிட்டவரோ? நீதானே இப்ப சொன்னனீ. சாகேக்கை மட்டும் ஏன் கூப்பிடப் போறார்?"

நான் சொன்னது பொருந்தியது. உண்மையைவிட நன்றாகப் பொருந்தியது. அதனால்தான் அவனால் அதைத் தட்ட முடியவில்லை.

"அப்ப என்ன சொன்னவர்?" என்று கேட்டான். குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது.

"என்னைத்தான் கூப்பிட்டவர். மயூரி, மயூரி எண்டு. கடைசி மூச்சுவரைக்கும்."

"ஒருக்காக் கூட என்னை..."

"ஒருக்காக் கூட இல்லை."

அவன் சாரங்கனைப் பார்த்தான். ஆறு நாளும் அதே ஃப்ளாட்டில் இருந்தவர், அந்தச் சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேட்டவர், ஒரு கோல் எடுமன் என்று என்னிடம் கெஞ்சியவர். அவரும் தேனுஜனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சாப்பாடு ஆறுது" என்றார்.

தேனுஜன் எச்சில் கையோடு அழத் தொடங்கினான். அவன் இனி எந்தப் பாலைவனத்துக்குப் போனாலும், அதற்கு மேலே எவ்வளவு தூரம் போனாலும், கூப்பிடப்படாத மகனாகத்தான் போவான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. பசித்தது. கோப்பை ஓரத்தில் வைத்த உருண்டையை எடுத்து வாயில் போட்டேன்.